மேட்டில் இழுக்காத வண்டி

மலைப்பாதையின் நான்காவது வளைவில் கார் மறுபடியும் முரண்டு பிடித்தது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தியும் வேகம் நாற்பதிலிருந்து முப்பதுக்கும், முப்பதிலிருந்து இருபதுக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. பின்னால் ஒரே கரும்புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. பக்கத்து இருக்கையில் கணவர் பல்லைக் கடித்தார். "கிளட்ச்ல இருந்து காலை எடு. எத்தனை தடவை சொல்றது?" அவள் கால் கிளட்சில் இல்லை.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். சர்க்கரை வியாதி முதலில் கண்ணைப் பறித்தது, பிறகு சிறுநீரகத்தை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காகவே ஐம்பத்திரண்டு வயதில் அவள் லைசென்ஸ் எடுத்தாள். ஒரு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. இந்த ஒரு மாதமாக, சமதளத்தில் சமர்த்தாக ஓடுகிற வண்டி மேட்டைக் கண்டதும் திணறியது. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போ போய்விட்டது, இரண்டு வாரம் வண்டியை விட்டுப் போங்கள் என்றார்கள். இரண்டு வாரம் என்றால் ஆறு டயாலிசிஸ். கணவரோ அதை நம்பவே இல்லை. "டர்போவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓட்டத் தெரியாத கையில குடுத்தா எந்த வண்டியும் இப்படித்தான்." கேட்டுக் கேட்டு அவளும் நம்ப ஆரம்பித்திருந்தாள். ராத்திரி படுத்தால் கால்கள் தாமாகவே கிளட்சைத் தேடின.

அன்று முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்த நர்ஸ், தன் தம்பி ஒரு மெக்கானிக் என்று சொல்லி வழி எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை இருவரும் அந்த மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போனார்கள். அவன் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே ஓட்டுங்கக்கா. நான் பின்னால உக்காந்து கேக்கறேன்." மேட்டுக்குப் போய்த் திரும்பும்வரை அவன் இன்ஜின் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தான். இன்ஜின் ஆறியதும் ஒரு குழாயைக் கழற்றி, டர்போவின் விசிறியை விரலால் அசைத்துப் பார்த்தான். "துளி ஆட்டம் இல்லக்கா. டர்போ கல்லு மாதிரி நல்லா இருக்கு." பிறகு காற்று உள்ளே போகும் வாயை அடைத்து, பம்ப்பால் மெதுவாகக் காற்று ஏற்றி, ஷெட்டில் இரைந்துகொண்டிருந்த கம்ப்ரஸரை நிறுத்தினான். ஷெட்டே அமைதியானது.

"இருங்க," என்றார், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கணவர். "கேக்குதா?"

மெக்கானிக்குக் கேட்கவில்லை. அவளுக்கும்தான். அவர் எழுந்து பானெட்டின் விளிம்பைத் தடவியபடி வந்து குனிந்தார். வலது கை பேட்டரியைத் தாண்டி, தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்றைப் பிடித்து அதன் அடிவயிற்றில் நகர்ந்து, ஓர் இடத்தில் நின்றது. "இங்க."

மெக்கானிக் டார்ச் அடித்து சோப்புத் தண்ணீரைத் தெளித்தான். அவர் விரலைச் சுற்றி நுரை பொங்கியது. கிளிப்புக்குக் கீழே விரல் நீளத்துக்குக் கிழிசல்.

"டர்போ தள்ளுற காத்து இது வழியாத்தான் இன்ஜினுக்குப் போகணும். மேட்டுல அழுத்தம் ஏறினா வாயைப் பிளந்துக்குது, மத்த நேரம் மூடிக்குது. பாதி காத்து வெளியில போனா டீசல் எரியாம புகையாத்தான் வரும்."

"அப்போ... ஓட்டுறதுல..." என்று இழுத்தார் கணவர்.

"யார் ஓட்டினாலும் ஏறாதுண்ணே. நீங்க ஓட்டினாலும்தான்."

தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். கணவர் விரலை அந்தக் கிழிசலிலிருந்து எடுக்கவே இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, மெக்கானிக் நின்ற திசையைப் பார்த்துச் சொன்னார்: "அவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி. காலைலேர்ந்து ஒரு வாய் குடிக்கல."

மத்தியானத்துக்குள் புது ஹோஸ் வந்து பொருந்திவிட்டது. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மலை தொடங்கும் இடத்தில் பழக்கதோஷத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். முதுகை யாரோ பின்னாலிருந்து உந்தியதுபோல வண்டி எகிறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வளைவுகள் வந்த வேகத்திலேயே கழன்று போயின. கண்ணாடியில் சாலை பளிச்சென்று தெரிந்தது, துளிப் புகை இல்லை. பக்கத்திலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. எதையாவது சொல்லிவிடப் போகிறாரே என்று காத்திருந்து காத்திருந்து, உச்சியில் சாலை சமமான பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். தலை ஜன்னலில் சாய்ந்திருக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலை வெயில் நேராக முகத்தில் விழுந்தது. அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறுகையை நீட்டி, அவர் பக்கத்து வெயில் மறைப்பை மெதுவாக இறக்கிவிட்டாள்.