எட்டாம் பக்கம்

இராஜேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மகள் மயூரிக்குப் பீங்கான் கோப்பை. அபிஷனுக்குக் கடதாசிக் கோப்பை. யாருடைய பிறந்தநாளிலோ மிஞ்சியது, பலூன் படம் போட்டது.

கழுவிய கோப்பைகள் முடிந்திருக்கலாம் என்று மயூரி நினைத்தாள். எதையும் சரிபார்க்காமல் நம்பாதவள். சீனி எடுக்கும் சாட்டில் குசினிக்குப் போய் அலுமாரியைத் திறந்தாள். ஒன்பது கோப்பைகள் கவிழ்ந்திருந்தன. மறுபடியும் எண்ணினாள். ஒன்பதுதான்.

"அம்மா, ஏன் அவனுக்கு அந்தக் கப்?"

"ஏன், தேத்தண்ணி குடுத்தனான்தானே? சத்தம் போடாதை, பெடியனுக்குக் கேக்கும்."

அபிஷன் வந்ததும் அம்மா கேட்டிருந்தார்: "தம்பி, ஊரிலை எவடம்?" அவன் அப்பாவின் ஊரைச் சொன்னான். "கோயிலடியோ?" "இல்லை அன்ரி, குளத்துக்கு அங்காலை." அம்மா தலையாட்டினார். விலாசம் கேட்கும் கேள்வியல்ல அது, சாதி கேட்கும் கேள்வி என்று மயூரிக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ரொறொன்ரோவில் பிறந்த அவனுக்கும் தெரிந்திருக்கும்.

இருவரும் மாலை வகுப்பில் வரலாறு படிக்கிறார்கள். சிறுவர்களுக்கு அடிமைமுறையைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் செய்து நாளைக்குக் கொடுக்க வேண்டும். எழுத்து மயூரி, படம் அபிஷன். இந்த ஒன்ராறியோவிலும் அடிமைகள் இருந்தார்கள், 1793இல் வந்த சட்டம் புதியவர்களைக் கொண்டுவருவதைத்தான் தடுத்தது, ஏற்கெனவே இருந்தவர்களை விடுவிக்கவில்லை, 1834 வரை காத்திருந்தார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி எழுதியிருந்தாள். கடைசிப் பக்கம் யாழ்ப்பாணம். அங்கேயும் சாதியின் பேரால் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். ஐந்து தடவை திருத்திய முடிவு: '1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அன்றிலிருந்து எல்லோரும் சமமானார்கள்.'

குசினியிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்த மயூரி தன் கோப்பையை மடிக்கணினிக்குப் பின்னால் மெல்ல நகர்த்தினாள். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

அபிஷன் கடைசிப் பக்கத்தை வாசித்தான். "நல்லா எழுதியிருக்கிறாய். சின்னப்பிள்ளையள் அப்பிடியே நம்புவினம்." சிரித்தான். "நான்கூட முந்தி நம்பினனான்."

பிறகு பென்சில்களைப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினான். எட்டாம் பக்கப் படத்துக்கு உரிய இடம் வெள்ளையாகவே கிடந்தது. அவன் தொடாத தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. "பிறகும் வாங்கோ தம்பி," என்றார் அம்மா, வாசல்வரை வந்து, அன்பாக.

மயூரி வீட்டுச் செருப்போடேயே மோர்னிங்சைட் வீதி பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினாள். நாலு மணிக்கே வானம் மங்கிவிட்டிருந்தது.

"அபிஷன், அம்மா வந்து… எனக்கு முதலிலை விளங்கேல்லை…"

"நீ கண்டனி," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. "நீ கண்டதை நானும் கண்டனான். உன்ரை அம்மாவிலை எனக்கு ஒண்டுமில்லை. Honestly. அவவை மாதிரிப் பத்துப் பேரைத் தெரியும்."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"அந்தக் கடைசி வரியை என்ன செய்ய?"

"அது உன்ரை எழுத்தெல்லோ."

பஸ் வந்தது. அவன் ஏறி மற்றப் பக்க யன்னலோரம் போய் உட்கார்ந்தான். பஸ் போன தடத்தில், நசிந்த பனிக்குள் கறுப்புத் தண்ணீர் மெல்ல ஊறி நிறைந்தது. அவளுடைய காலுறைகள் நனைந்துகொண்டிருந்தன.