எண்ணெய் குடித்த கட்டை

தங்கை சாக்கை அவிழ்த்து மேசைமேல் கவிழ்த்தாள். துப்பாக்கியின் இரட்டைக் குழல் ஒரு பக்கம் விழுந்தது; பின்கட்டை ஒரு பக்கம் விழுந்தது; முன்கட்டையோ நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரும்புத் தகட்டோடு ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தது. துப்பாக்கி பழுதுபார்க்கும் அண்ணன் குழலைத் துடைத்தார், பூட்டைத் திறந்து மூடினார், திருகுகளை எண்ணினார். முன்கட்டையை மட்டும் தொடவில்லை.

"சரி பண்ணிக் குடு, அண்ணா. ஒண்ணாந்தேதியிலிருந்து தோட்டக் காவலுக்கு நான்தான் போகணும்."

"நீயா?"

"வேற யாரு? அவரு எழுந்து வருவாரா?"

அவள் கணவரைப் புதைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பட்டப்பகலில், பழத்தோட்டத்து வேலியோரம், அவர் சுட்டதில் அடிபட்ட காட்டுப்பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டது. மனிதனை மண்ணில் இட்ட கையோடு அவன் மானத்தையும் சேர்த்துப் புதைக்க ஊரில் ஆளா இல்லை? தோட்டத்து மேஸ்திரி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தான்.

"துப்பாக்கியை வீசிட்டு ஓடினாராம். வீசின வேகத்துல உடைஞ்சிருக்காம். உன் புருஷன் வாய்லதான் வீரன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்றான்." அவள் நாற்காலியில் உட்காரவில்லை. "அவர் கையை நான்தான் விரிச்சேன், அண்ணா. உள்ள ரெண்டு புதுத் தோட்டா. ஓடுறவர் எதுக்குத் தோட்டாவை எடுக்குறார்? நீ பார்த்துச் சொல்லு. நீ சொன்னா அவன் வாய் மூடும்."

பார்க்காமலே அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு குழலும் வெடித்தபின் மறுபடி தோட்டா போடத் துப்பாக்கியை மடக்க வேண்டும். மடக்கும்போது குழல்களைக் கீலிலிருந்து நழுவவிடாமல் பிடித்திருப்பது உள்ளங்கையளவு முன்கட்டையும் அதற்குள் பதித்த இரும்பும்தான். அந்தக் கட்டை பிளந்தால் குழல் காலடியில் விழும். கையில் வெறும் பின்கட்டை மிஞ்சும். எதிரே பன்றி நிற்கும்.

ஒருவழியாக முன்கட்டையைக் கையில் எடுத்தார். விரிசலின் உட்புறத்தில் அவரே பதித்த நார்த்துணியும் பசையும் தோல் உரிந்ததுபோல் முழுசாகக் கழன்று வந்தன. பசையின் அடியில் மரத்தின் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. மரத்தின் ஒரு சிம்பு கூட ஒட்டியிருக்கவில்லை. விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. ஐம்பது அறுபது ஆண்டுகளாகத் துப்பாக்கி எண்ணெயைக் குடித்து ஊறிய கட்டை அது. குடித்ததைக் கக்கவைத்த பிறகே ஒட்டவேண்டும் என்பது, இந்தத் தொழிலில் முதல் நாளே கற்பது.

போன மாதம் விரிசல் கண்டு இந்தக் கட்டை வந்தபோதும் அதைத்தான் அவர் சொல்லியிருந்தார். தங்கையின் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பதினஞ்சு நாளா? மச்சான், நீ கட்டைக்கு வைத்தியம் பாக்குறியா, பிரசவம் பாக்குறியா? நாளைக்குக் காலைல எனக்குக் காவல் இருக்கு!"

அந்தச் சிரிப்புக்கு இணங்கி, மேலாகத் துடைத்து, பசையைப் பூசி, இரண்டு பித்தளை ஆணியை இறக்கி, மெருகேற்றிக் கொடுத்துவிட்டார். வெளியே விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

"என்ன, அண்ணா, என்ன தெரியுது?"

அவர் இரும்பைக் கழற்றினார். இரண்டு துண்டுகளையும் தட்டில் வைத்து, மேலே சுண்ணக்கட்டித் தூளைக் கொட்டி மூடினார். மேசை விளக்கை, சூடு படும்படி, அருகில் இழுத்து வைத்தார். இவையெல்லாம் கை தானாகச் செய்தவை.

"எத்தனை நாளாகும்?"

"பதினஞ்சு நாள். எண்ணெயை முதல்ல இழுத்தாகணும். இல்லன்னா பசை பிடிக்காது."

"போன தடவை ஒரே நாள்ல குடுத்தியே?"

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கணக்கு உதைக்கிறதே என்ற குழப்பம் மட்டுமே இருந்தது. விளக்கின் சூட்டில் வெள்ளைத் தூளின் நடுவே மிளகளவில் எண்ணெயின் கறுப்புப் புள்ளி ஒன்று தோன்றியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் மெல்லப் பரவி ஒன்றையொன்று தொட்டன. தங்கை குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.