இருபத்தைந்து நிமிடம்

கடைசி சிலிண்டரை வண்டியில் ஏற்றியபோதுதான் பெரியவருக்கு உறைத்தது. "எத்தனைண்ணே ஏத்தியிருக்கே?" என்று உள்ளேயிருந்து கத்த இன்று தம்பி இல்லை.

தம்பி கூடத்தில் கிடந்தான். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டான். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். ஆனால் பதினோரு வீடுகளில் பதினோரு பேர் ஆக்சிஜனுக்குக் காத்திருக்கிறார்கள். என் தம்பி செத்துவிட்டான், நாளைக்கு மூச்சு விடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? இருப்பது ஒரே வண்டி. ஓட்டுவது அவர் ஒருவர்தான்.

தம்பி மகள் ஒரு தாளை நீட்டினாள்.

"அப்பா போட்ட எக்செல் ஷீட்லதான் இன்னைய வீடுகளைக் குடுத்தேன் பெரியப்பா. இந்த வரிசைல போனா ரெண்டு நாப்பதுக்கு வந்துடலாம்."

"உங்கப்பனும் மூணு வருஷமா இதையேதான் சொன்னான். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி என்னைக்கு வண்டி ஓட்டுச்சு? முதல்ல மேட்டுத் தெருவாம். கிறுக்குப் பிடிச்சிருக்கு அதுக்கு."

"உங்க வழில போனா எத்தனை மணியாகும்?"

ஐந்தாகும் என்று அவருக்கே தெரியும்.

தாளை வாங்கி, விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். எல்லா வீட்டுக்கும் எட்டு நிமிடம். ஏழாவது வீட்டுக்கு மட்டும் இருபத்தைந்து.

"பாத்தியா! தையல்காரர் வீட்டுக்குத் தப்பாப் போட்டிருக்கு."

"தப்பில்ல." அவள் லேப்டாப்பைத் திருப்பினாள். ஒரு கட்டம் மட்டும் மஞ்சளாக இருந்தது. பக்கத்தில் தம்பி அடித்து வைத்திருந்தான்: 'அண்ணன் சீட்டாடும் நேரம். குறைக்கக் கூடாது.'

பெரியவர் கழுத்தைச் சொறிந்தார். தாமதத்துக்கு டயர் பஞ்சர், லிஃப்ட் ரிப்பேர் என்று மூன்று வருடமாக அவர் அளந்த கதைகளையெல்லாம் தம்பி "சரிண்ணே, சரிண்ணே" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இதை எடுத்தா இன்னும் ரெண்டு வீடு சேக்கலாம்னு நான் சண்டை போடுவேன். அப்பா விடவே மாட்டாரு. இன்னைக்கு மட்டும் எடுத்துடட்டுமா? சீக்கிரம் வந்துடுவீங்க."

"கை வைக்காதே," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மேட்டுத் தெருவில் சரக்கு லாரிகள் வந்து அடைப்பதற்குள் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். சனியன் பிடித்த பெட்டிக்கு இது எப்படித் தெரிந்தது? பாலம் தாண்டும்போதுதான் புரிந்தது. எந்தத் தெரு எப்போது அடைக்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் தான் புலம்பியதைத்தான் தம்பி கட்டம் கட்டமாக ஏற்றியிருக்கிறான்.

தம்பி போன சேதியைத் தையல்காரர் கேட்டுக்கொண்டார். சீட்டைக் கலைத்து இருவருக்கும் போட்டார்.

வண்டி வாசலுக்குத் திரும்பியபோது ரெண்டு முப்பத்தெட்டு.

"நாளைக்கு எத்தனை வீடும்மா?"

"ஒன்பது, பெரியப்பா."

"வரிசை போட்டு வை."

தம்பியின் தலைமாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"இன்னைக்கும் தோத்துட்டேன்டா."

பிறகு அந்தத் தாளை நாலாக மடித்து, சட்டைப் பையில் லைசென்ஸுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.