விதவைக்குப் பின்னால் வரிசை

படம் நான்கு மணிக்குள் ஒவுலு நகரக் குறும்பட விழாவுக்குப் போய்விட்டால், திங்கட்கிழமை நான் பள்ளிக்குத் திரும்ப வேண்டியதில்லை. அம்மாவோடு அப்படித்தான் பேச்சு. மிச்சம் ஒரே காட்சி. ஒரு விதவை பஸ்ஸுக்காக ஏழு நிமிடம் நிற்கிறாள்.

நாங்கள் படம் எடுப்பது கணினிப் போர் விளையாட்டுக்குள். அவரவர் வீட்டிலிருந்து ஹெட்போனில் பேசிக்கொள்வோம். நூலகத்தில் வேலை பார்க்கும் ஒர்வொக்கிதான் இயக்குநர்; அவருடைய சிப்பாயின் கண்தான் கேமரா. அங்கே எல்லோருமே சிப்பாய்கள், துப்பாக்கியைக் கீழே போட வழியில்லை. தன் காலைப் பார்த்தால் மட்டும் அது தாழும். அதனால் எங்கள் விதவை படம் முழுக்கத் தலைகுனிந்தே இருக்கிறாள். துக்கம் என்கிறார் ஒர்வொக்கி.

விதவையாக நடித்தவர் லாரி ஓட்டும் தெர்ஹோ. முதல் தடவை இருமினார், விரல் ஏதோ விசையில் பட்டது. விதவை துள்ளிக் குதித்தாள். அடுத்த தடவை காபிக் கோப்பை விசைப்பலகையில் இடித்தது. விதவை கையெறிகுண்டு வீசி பஸ் நிறுத்தத்தைத் தரைமட்டமாக்கினாள். புது ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அது மறுபடி முளைத்தது.

"உனக்குப் புருஷன் செத்திருக்கான், தெர்ஹோ. கொஞ்சம் அடங்கி நில்லேன்," என்றார் ஒர்வொக்கி.

"சும்மா நிக்கிறதெல்லாம் எனக்கு ஆகாது. ஐலாவ நிறுத்து. வகுப்புல அவ ஒம்போது வருஷம் அப்படித்தான இருந்தா."

உண்மைதான். மூன்று முப்பத்தைந்துக்கு விதவையாக நான் நின்றேன்.

ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கும் ஆளை விளையாட்டு வெளியே தள்ளிவிடும். நாலரையாவது நிமிடத்தில் ஒரு அடி முன்னால் வைக்கச் சொல்லியிருந்தார் ஒர்வொக்கி.

இரண்டாம் நிமிடம் எதிரிச் சிப்பாய் ஒருவன் இடிந்த வீட்டிலிருந்து வந்தான். சுடத்தான் வந்தான். நிறுத்தத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு மீட்டர் இடம் விட்டு என் பின்னால் நின்றான். அவனுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் விட்டு இன்னொருவன். அந்த ஆட்டத்தில் எல்லோரும் எங்களைப் போல பின்லாந்துக்காரர்கள்; யாராவது நின்றால் இடம் விட்டு வரிசையில் சேர்ந்துவிடுவோம்.

"யாரு இவங்கல்லாம்?" என்றார் தெர்ஹோ. "சுட்டுத் தள்ளவா?"

"வரிசையில நிக்கிறவங்கள எப்படிய்யா சுடுறது," என்றார் ஒர்வொக்கி.

நாலரையாவது நிமிடம் ஒரு அடி முன்னால் வைத்தேன். பின்னால் பதினோரு பேரும் ஒரு அடி வைத்தார்கள். ஊரில் வெடிச் சத்தம் நின்றிருந்தது.

"என் விதவை தனியா நிக்கணும்," என்றார் ஒர்வொக்கி, அழாத குறையாக. இன்னொரு தடவை எடுக்க நேரமில்லை. மூன்று ஐம்பத்திரண்டுக்கு அப்படியே அனுப்பினார்.

ஐந்து மணிக்கு அம்மா வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"படம் போச்சா?"

"போயிருச்சு."

"அப்புறம் ஏன்டி இன்னும் அதையே பாத்துட்டிருக்க?"

"பின்னால இருபத்திமூணு பேர் நிக்கிறாங்கம்மா. நான்தான் முதல் ஆள்."

நாலரை நிமிடத்துக்கு ஒரு அடியாக, நிறுத்தத்தைத் தாண்டிப் பதினெட்டு அடி வந்திருந்தோம். அம்மா குனிந்து கடைசி ஆள்வரை பார்த்தாள்.

"பஸ் எப்ப?"

"இந்த விளையாட்டுல பஸ்ஸே கிடையாது."

அம்மா கோட்டைக் கழற்றினாள்.

"அதுக்காக நடுவுல விட்டுட்டு வர முடியுமா? இரு. சாப்பாட்ட இங்கயே கொண்டு வரேன். பள்ளிக்கூடத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கிறேன், நீ வரிசையில நிக்கிறன்னு."