எதிர்க்கடைக்காரர்

"கந்தப்பனுக்குச் சொன்னியா கண்ணு?"

சித்ரகலா அப்பாவின் வாயில் கரண்டியால் இளநீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பி நான்கு நாளாகியிருந்தது. காலையிலிருந்து அவர் இப்படிக் கேட்பது மூன்றாவது முறை. தலைமாட்டில் கிடந்த செல்போனை அவள் தொடவே இல்லை.

"சொன்னனுங்கப்பா. வர முடியாதுன்னுட்டாருங்க."

கன்னையன் அவளையே பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். அடுத்த கரண்டி இளநீர் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது.

கந்தப்பன் அவருடைய ஒரே தம்பி. காதர்பேட்டையில் இருவரும் சேர்ந்து நடத்திய பனியன் கடையை விட்டு, இரண்டாயிரத்து ஒன்றில் தனியே போனவர். வெகுதூரம் போகவில்லை, எதிர்வரிசைக்குத்தான். கேரளாவிலிருந்தும் நாக்பூரிலிருந்தும் வரும் வியாபாரிகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். ஆள் வைக்க வழியில்லாமல் கன்னையன் மகளின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கடைக்கு அழைத்து வந்தார். அவள் சைஸ் வாரியாகப் பனியன்களைப் பிரித்து அடுக்கினாள். வாசலில் நின்று, "வாங்கண்ணா, வந்து பாத்துட்டுப் போங்க" என்று தொண்டை வறளக் கூப்பிட்டாள். வந்தவர்கள் இங்கே டீ குடித்துவிட்டு அங்கே சரக்கு எடுத்தார்கள்.

ஒருநாள் கந்தப்பன் ரோட்டைத் தாண்டி வந்தார். நாலு பேர் முன்னால் சிரித்தபடி, "இங்க ஈ ஓட்டறதுக்கு நம்ம கடைக்கு வந்துரு கண்ணு. மாசச் சம்பளம் போட்டுத் தர்றேன்" என்றார். அப்பா குனிந்த தலை நிமிராமல் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அன்று அவளுக்குப் பதினேழு வயது. ஏழு வருடமாகியும் அந்தச் சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவில்லை.

பதினொரு மணிக்குக் கன்னையன் போய்விட்டார்.

அம்மா வள்ளியாத்தாள் ஆளனுப்பிய பிறகுதான் கந்தப்பனுக்கு விஷயம் தெரிந்தது. கடையிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். வாசலில் கிடத்தியிருந்த அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்ததும், தண்ணீர்த் தொட்டியருகே நின்ற சித்ரகலாவிடம் வந்தார்.

"ஏங்கண்ணு, எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? அஞ்சு நிமிசத்துல வந்திருப்பனே."

அவள் தொட்டிக்குள் குடத்தை அமுக்கித் தண்ணீர் மொண்டாள்.

"கடைசியா... அண்ணன் என்னைக் கேட்டாரா சாமி?"

இத்தனை வருடமும் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தது போலிருந்தது அவளுக்கு. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்லீங்க சித்தப்பா. உங்க பேரக்கூட எடுக்கலீங்க."

கந்தப்பனின் உதடு அசைந்தது. தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"செரி கண்ணு. எப்படிக் கேப்பாரு?"

அவர் திரும்பி நடந்தார். அந்த முதுகைப் பார்த்து இன்னும் ஏதாவது சொல்லவேண்டும் போல அவளுக்கு நாக்குத் துறுதுறுத்தது.

குளிப்பாட்டத் தண்ணீர் வந்தது. பங்காளி ஒருவர் கையிலிருந்த சொம்பைக் கந்தப்பன் வாங்கிக்கொண்டார். அண்ணனின் தலையில் சீயக்காய் தேய்த்துப் பொறுமையாக ஊற்றினார்.

"நேரமாச்சுங்க" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் புது வேட்டியை விரித்துப் பிடித்தபடி நின்றார்கள்.

கந்தப்பன் நிமிரவில்லை. தோள்துண்டின் நுனியைத் திருகி, அண்ணனின் காதுக்குள் இறங்கியிருந்த தண்ணீரை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.