மூன்றாவது ஓட்டத்தில் விழுகிற பிரஷர்

பிரஷர் மறுபடியும் விழுந்தது. மூன்று வாரத்தில் இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே ஹெப்சிபா விட்டுவிட்டாள். மடியில் லேப்டாப், பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வண்டியின் சொந்தக்காரன் தீபன், எதிரே துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் அதிசயமாக அரை கிலோமீட்டர் காலியாகக் கிடைத்து, தீபன் ஆக்சிலரேட்டரை மிதித்தான். திரையில் நாலு பார் அளவில் நிற்க வேண்டிய பெட்ரோல் பிரஷர் மூன்றரை, மூன்று, இரண்டரை என்று படியிறங்கியது.

"காலை எடு," என்றாள் ஹெப்சிபா.

"எட்துட்டேன்க்கா."

இன்னும் இரண்டு செகண்டு மிதித்திருந்தால் இன்னொரு பிஸ்டன் போயிருக்கும். டர்போ காற்றைத் திணிக்கிறது. அதற்கு ஈடாகப் பெட்ரோல் வராவிட்டால் உள்ளே சூடேறி பிஸ்டன் உருகிவிடும். போன மாதம், புதுப் பம்ப்பு மாட்டிக் கொடுத்த சில நாளிலேயே அப்படி ஒன்று உருகியது. இன்ஜினைப் பிரித்துப் புது பிஸ்டன் போட்ட நாளிலிருந்து இந்தத் தலைவலிதான்.

தீபன் லாரிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சாயங்காலம் வரிக்கும் பாக்கறேன்க்கா. நாளிக்கு ரேஸ். ஆவலைன்னா பெரம்பூர்ல ஒருத்தர் கீறாரு, அவராண்ட வுட்டுடறேன். மேப்புதான் தப்புன்னு அவரு போன்லயே சொல்லிட்டாரு."

மேப்பு என்பது எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று இன்ஜினுக்குச் சொல்கிற கணக்கு. அதை எழுதுவதுதான் ஹெப்சிபாவின் தொழில். அந்தப் பெரம்பூர்க்காரர் வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் அது தப்பு என்று சொல்லிவிட்டார். தீபனும் அதை நம்பி, இருநூற்று அறுபது பேர் இருக்கிற டர்போ வாட்ஸ்அப் குரூப்பில் முந்தாநாள் பதினாலு வரிக்கு எழுதிவிட்டான். வேலைக்கு வருவதாக இருந்த இரண்டு வண்டிகள் நேற்றே வேறு பக்கம் போய்விட்டன. இந்த வண்டியும் பிரஷர் நிற்காமல் கைமாறிப் போனால் ராயபுரத்தில் அவளை நம்பி இனி ஒருவனும் சாவி கொடுக்க மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவளுடைய ஷெட், டோல்கேட் பக்கத்துச் சந்தில் இருந்தது. ஸ்பேனர் அவள் புருஷன் நெல்சனுடையது, லேப்டாப் அவளுடையது. நெல்சன் பதினைந்து வருஷம் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்த்தவன். அவன் காது வைத்துக் கேட்டாலே எந்த வால்வு என்று சொல்லிவிடுவான் என்று கரையில் இன்றும் பேச்சு. ஹெப்சிபா பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், கல்யாணமாகி வந்த பிறகுதான் படகையே கிட்டத்தில் பார்த்தாள். அவன் கைவேலையில் அவள் தலையிட மாட்டாள், அவள் திரைப்பக்கம் அவன் எட்டிப் பார்க்க மாட்டான். இந்த மரியாதைதான் மூன்று வாரத்தைத் தின்றது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மாற்றாத சாமான் ஒன்று பாக்கி இல்லை. ஃபில்டர் மாற்றியாயிற்று, ரெகுலேட்டர் மாற்றியாயிற்று. பம்ப்புக்கு கரண்ட் குறைகிறதோ என்று பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, அதுவும் சரி. பம்ப்பையே மூன்று தடவை மாற்றினார்கள். ஒவ்வொரு பம்ப்பும் புதிதாக மாட்டியதும் இரண்டு ஓட்டம் கம்பீரமாக நாலு பாரில் நிற்கும். மூன்றாவது ஓட்டத்தில் விழும். போலி பம்ப்பு விற்கிறாயா என்று கடைக்காரன் அமானை அவள் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் மூன்றாவது பம்ப்பை இலவசமாகவே அனுப்பிவிட்டு, "அக்கா, இத்தோட என்னை வுட்ருங்க," என்று கும்பிட்டான்.

இன்றைக்கு வேறு மாதிரி பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். இன்ஜின் பக்கம் பெட்ரோல் வருகிற பைப்பைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, பம்ப்பை அரை நிமிஷம் ஓட்டினாள். ஒரு லிட்டர் வந்தது. இரண்டு லிட்டர் வந்திருக்க வேண்டும்.

"பம்ப்பை வெளியே எடுத்து பக்கெட்டுல வெச்சு ஓட்டிப் பாக்கலாம்பா," என்றாள்.

நெல்சன் பின்சீட்டைத் தூக்கிவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து, பத்து நிமிஷத்தில் பம்ப்பைக் கொண்டுவந்தான். வாசலில், மணல் வாளி பக்கத்தில் வைத்து, பக்கெட் பெட்ரோலில் அதே பம்ப்பை அரை நிமிஷம் ஓட்டினார்கள். இரண்டு லிட்டர் சுளையாக வந்தது.

ஹெப்சிபா பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதே பம்ப்பு, அதே வயர். வெளியில் வைத்தால் ஓடுகிறது, டேங்க்கில் வைத்தால் இளைக்கிறது. அமானைத் திட்டியது நினைவு வந்து காது சுட்டது.

"டேங்க்ல இன்னாபா கீது?"

"ஒன்னியும் இல்ல. போன வாரந்தான் கழுவினேன்."

"எல்லாம் சரியா கீதா?"

"எத்தினி தபா கேப்பே ஹெப்சி? சரியாதான் கீது."

"திரும்ப மாட்டு. நான் கூட நிக்கறேன்."

பெட்ரோல் நெடி அவளுக்கு ஆகாது, உடனே மண்டை இடிக்கும். அதனால் மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அவள் பின்பக்கம் போனதில்லை. இன்று துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு போய் நின்றாள். தீபன் டார்ச் அடித்தான். நெல்சன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தான். பழைய வேட்டியில் கிழித்தது. அதை இரண்டாக மடித்து, பம்ப்பு பெட்ரோல் உறிஞ்சுகிற வாயில் போர்த்தி, வலை பின்னுகிற நைலான் நூலால் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டான்.

"யோவ், இன்னா அது?"

"துணி."

"துணின்னு தெரியுது. எதுக்கு?"

நெல்சன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "கசடு ஏறாம இருக்கத்தான். போட்டுல டீசல் டேங்க் அடில தண்ணி, துரு, கலீஜு எல்லாம் நிக்கும். துணி கட்டாம எவன் கடலுக்குப் போவான்? நடுக்கடல்ல பம்ப்பு அடைச்சா யாரு வருவா?"

"இது கடலாய்யா? பக்கெட்டுல வெச்சப்ப ஏன் கட்டல?"

"பக்கெட் பெட்ரோல் சுத்தமாச்சே. அவுத்துட்டேன்."

ஹெப்சிபாவுக்குப் புரிந்துவிட்டது. படகு இன்ஜின் நிதானமாகக் குடிக்கும், துணி வழியாக வருவது அதற்குப் போதும். இது மடமடவென்று குடிக்கிற டர்போ இன்ஜின். துணி புதிதாக இருக்கும்வரை இரண்டு ஓட்டம் தாங்கும். கொஞ்சம் தூசி படிந்ததும் பம்ப்பு மூச்சு முட்டும். பம்ப்பு மாற்றும்போதெல்லாம் இந்த மகராசன் புதுத் துணி கட்டியிருக்கிறான். அவள் தீபனிடம் திரும்பினாள்.

"நீ இதைப் பாத்தியா?"

"எல்லா தபாவும் நான்தானே டார்ச் புட்ச்சேன்."

"ஏன்டா சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு இன்னாக்கா கீது? எங்க நைனா போட்டுல நானே கட்டுவேன்."

"நான் கேக்கும்போதெல்லாம் சரியா கீதுன்னு சொன்னியேய்யா," என்றாள் நெல்சனிடம். தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"சரியாதான் கீது. துணிகூட புதுசு."

அவள் கத்தரிக்கோலை எடுத்துவந்து தன் கையாலேயே அந்த முடிச்சை வெட்டினாள். லாரி வரிசை நகரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்து, அதே எண்ணூர் ரோட்டில் ஆறு ஓட்டம் ஓட்டினார்கள். ஆறிலும் பிரஷர் நாலு பாரை விட்டு அசையவில்லை. தீபன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஷெட்டுக்கு வந்ததும் தீபன் குரூப்பில் எழுதினான். அவள் எட்டிப் பார்த்தாள். 'பிராப்ளம் சால்வ்டு' என்று இரண்டு வார்த்தை, ஒரு கட்டைவிரல் படம்.

"அவ்ளோதானா? மேப்பு தப்புன்னு பதினாலு வரி எழுதினியே."

தீபன் நெளிந்தான். "துணின்னு எழுதினா நெல்சண்ணா பேரு கெட்டுடும்க்கா. கரைல எல்லாம் அண்ணனைப் பெரிய கையின்னு பேசறாங்க."

"அப்ப எம் பேரு?"

அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கோபத்தை இதுவரை எப்படியோ சமாளித்திருந்தாள், இதைத்தான் தாங்க முடியவில்லை. நெல்சன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். குரூப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவன் ஒரு வார்த்தை போட்டதில்லை. தன் போனை எடுத்து, பேச்சை அனுப்புகிற பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"நான் நெல்சன் பேசறேன். தீபன் வண்டில பிரஷர் வுழுந்தது நான் கட்டின துணியால. பிஸ்டன் உருகினதும் அதாலதான். எம் பொண்டாட்டி எழுதின மேப்புல ஒரு தப்பும் இல்ல. புது பிஸ்டன் செலவும் நம்மளோடது." விரலை எடுக்காமல் கொஞ்சம் யோசித்தான். "இதுக்கு முன்னாடி நம்ம ஷெட்டுல பம்ப்பு மாத்தின அஞ்சு வண்டிலயும் துணி கீது. எடுத்துனு வாங்க, அவுத்துத் தரேன்."

விரலை எடுத்தான். பேச்சு இருநூற்று அறுபது பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

மூன்று வாரமாக அவள் யார் வாயிலிருந்தாவது கேட்க ஏங்கிய வார்த்தை, அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஒரு கணம் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த கணம்தான் மீதி உறைத்தது.

"அஞ்சு வண்டியா?"

"ஆமா. ஏன்?"

அந்த அஞ்சுக்கும் மேப்பு எழுதியது அவள்தான். அவற்றிலும் பிரஷர் லேசாகத் தளர்ந்தது. இன்ஜின் குணமே அப்படி என்று நினைத்து, கணக்கில் பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டியிருந்தாள். தீபன் வண்டி குடிக்கிற வேகத்துக்கு அப்படி ஈடுகட்ட முடியவில்லை, அதனால்தான் இதில் கோளாறு வெளியே வந்தது. இப்போது துணியை அவிழ்த்தால் அஞ்சும் பெட்ரோலைக் கக்கிக் கரும்புகை விடும். அவளும்தான் ஒரு தடவைகூட டேங்க்கை எட்டிப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறாள்.

அவள் போன் அடித்தது. அஞ்சு பேரில் ஒருவனான ரவிக்குமார், திருவொற்றியூர்.

"அக்கா, அண்ணன் பேசினதைக் கேட்டேன். துணியை நானே வூட்ல அவுத்துடறேன். மேப்பு கரெக்ட்டுதானே?"

நெல்சனும் தீபனும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஹெப்சிபா மூச்சை இழுத்து விட்டாள்.

"இல்ல தம்பி. உன் வண்டில மேப்பு தப்பு," என்றாள். "துணியைத் தொடாத. வண்டியை இங்க எடுத்துனு வா."