குழாய்ச் சூட்டில் ஒரு கூடு

கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, காய் நறுக்கும் கத்தியால் குழாயின் கம்பளி உறையைக் கிழித்தேன். உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு வெளியே தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அண்ணனின் வாயைக் கணக்கில் சேர்க்காவிட்டால், எங்கள் வீட்டில் சூடாக இருந்த ஒரே பொருள் அதுதான்.

அந்தக் குழாய் எங்களுக்கானது அல்ல. கொல்லைப்புற பாய்லரில் கிளம்பி, என் அறைச் சுவரோரமாக ஊர்ந்து, தோட்டத்தைத் தாண்டிக் கண்ணாடிக் கூடாரத்துக்குப் போகிறது. அங்கே பட்டாம்பூச்சிகள் இன்னும் வெயில்காலம்தான் என்று நம்பிப் பறந்துகொண்டிருக்கும். வீட்டுக்குப் பிரிகிற குழாயை அண்ணன் அடைத்துவிட்டான். அண்ணி ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். "மனுஷன் போர்த்திக்கலாம். பூச்சி போர்த்திக்குமா?" என்றான். அன்றிலிருந்து அண்ணி ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சமையல் முடிந்த பிறகும் அடுப்பை அணைக்க மனசில்லாமல் நிற்பாள்.

குழாயின் மேல் மடித்த துண்டு. துண்டின் மேல் பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் ஒரு குச்சி. குச்சியில், காய்ந்துபோன சோப்பு நுரை மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. வேலிச் செடியிலிருந்து ஒடித்துக்கொண்டு வந்தேன். அங்கேயே விட்டிருந்தால் குளிர் போன பிறகு தானாகப் பொரிந்திருக்கும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சூடு கூடினால் கூடு காய்ந்துவிடும், குறைந்தால் உள்ளே இருப்பவை தூங்கிவிடும். துண்டில் ஒரு மடிப்பைக் கூட்டுவதும் குறைப்பதுமாக, தண்ணீர் தெளித்து, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டேன்.

இத்தனை கரிசனமும் கொலைக்குத்தான்.

கும்பிடுபூச்சி பார்வைக்குத்தான் சாது. முன்கால்களைக் கூப்பிக்கொண்டு நிற்கும். பொரியும்போது எறும்பளவுதான் இருக்கும். ஆனால் ஒரே கூட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும். இலையடியில் அப்போதுதான் பிறந்த பட்டாம்பூச்சிப் புழுக்களைத் தேடித் தேடித் தின்னும். வளர்ந்துவிட்டால் பட்டாம்பூச்சியையே பிடித்து, இறக்கையை மட்டும் கீழே போடும். மூடிய கண்ணாடிக் கூடாரத்துக்குள் இது புகுந்தால், அண்ணனுக்கு அடுத்த சீசனில் பெருக்கித் தள்ள இறக்கைகள்தான் மிஞ்சும்.

அந்தப் பட்டாம்பூச்சிகளை வளர்த்தவள் நான். என் ஜன்னலோரத்தில், செருப்பு டப்பாக்களில், இலை பறித்துப் போட்டு வளர்த்தேன். அண்ணன் எனக்கு வைத்த பட்டப்பெயரே 'புழு'. அப்பாவின் நாற்றுப்பண்ணை நொடித்த பிறகு சும்மா கிடந்த கூடாரத்தில் அவற்றைக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். டிக்கெட் போட்டுக் காட்டலாம் என்பது மட்டும் அவன் யோசனை. போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரி வந்தாள். அண்ணனின் தோளில் ஒன்று உட்கார்ந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்றாள். அவன் சட்டையில் சர்க்கரைத் தண்ணீரைத் தடவி உட்காரவைத்தேன். "இவங்க யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

"கூட்டிப் பெருக்க வெச்சிருக்கேன்" என்றான் அண்ணன், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே.

பக்கத்தில் நின்ற அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாரமே கூடாரத்துச் சாவியையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். பெருக்குகிற நேரத்துக்கு மட்டும் திறந்துவிடுவான். அவன் சொன்னதை நான் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. தொண்டையிலேயே வைத்திருந்தேன்.

இந்த வருஷத் திறப்பு விழா நெருங்கியபோது, கூடாரத்தில் சூடு இறங்குகிறது என்று அண்ணன் குழாயைத் தடவிக்கொண்டே வந்தான். தடவியபடி என் அறைக்குள் நுழைந்தான். கட்டிலுக்கு அடியிலும் போனான். வெளியே வந்தபோது தலையில் ஒட்டடை, கையில் என் டப்பா.

முடிந்தது என்று நினைத்தேன்.

"கூட்டைத் திருடி வெச்சிருக்கியா? என் கூடாரத்துலயே கை வெக்கற அளவுக்கு வந்துட்டியா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது. பட்டாம்பூச்சியால் பிழைக்கிறவனுக்குப் பட்டாம்பூச்சிக் கூடு எப்படியிருக்கும் என்று தெரியவில்லை. ஒரு நாளாவது குனிந்து பார்த்திருந்தால்தானே.

"இங்க வந்து பாரு, உன் நாத்தனார் செஞ்ச காரியத்தை" என்று அண்ணியைக் கூப்பிட்டான். அவள் கரண்டியோடு வந்து நின்றாள். அண்ணன் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்தான். "என்ன வகைடீ இது? நான் பாத்ததே இல்லையே."

"குளிர்ல கிடைக்காதுண்ணா. அபூர்வம்." அது பொய்யில்லை.

"எப்பப் பொரியும்?"

"சூடு குடுத்தா சீக்கிரம்."

அவன் முகம் மாறியது. கூட்டம், கேமரா, கைதட்டல் எல்லாம் அந்த முகத்தில் வரிசையாக வந்துபோயின. "திருட்டுக்கு உன்னை அப்புறம் வெச்சுக்கறேன், புழு" என்று சொல்லிவிட்டு, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தான். எமனைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

அண்ணி அசையவில்லை.

"அது பட்டாம்பூச்சி இல்லதானே?"

"இல்ல அண்ணி."

"பின்ன?"

"கும்பிடுபூச்சி."

அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில், ஜன்னல் கம்பியில் ஒரு கும்பிடுபூச்சி தேனீயைத் தலையிலிருந்து தின்பதை இருவரும் சேர்ந்து பார்த்திருக்கிறோம். இப்போது அவள் அடுப்பருகே போய்க் கைகளைக் காட்டினாள். விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. புருஷனிடம் போய்ச் சொல்லிவிடுவாளோ என்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க இருக்கற சூடு பத்துமா அதுக்கு?" என்றாள்.

பிறகு கொல்லைப்புறம் போனாள். பாய்லரின் திருகு திரும்பும் சத்தம் கேட்டது. நின்றது. இன்னொரு தடவை கேட்டது.

திறப்பு விழாவன்று கூடாரத்தில் நல்ல கூட்டம். நடுவில் கண்ணாடிப் பொரிப்புப் பெட்டி, அதற்குள் என் குச்சி. நான் துடைப்பத்தோடு ஓரமாக நின்றேன். அண்ணி ஸ்வெட்டர்களைக் கழற்றிக் கையில் மடித்துப் பிடித்திருந்தாள். இந்தக் குளிர்காலத்தில் முதல் முறையாக அவள் கழுத்தைப் பார்த்தேன்.

"இந்தக் கூட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு, ராப்பகலா காவல் காத்து" என்று அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டின் நடுக்கோட்டில் ஏதோ பிதுங்கியது. வெளிறிய மஞ்சளில் ஒன்று, பின்னால் பத்து. மெல்லிய இழைகளில் கொத்தாகத் தொங்கி நெளிந்தன. கூட்டம் முன்னால் சாய்ந்தது. அண்ணனின் புருவம் சுருங்கியது. ஆனால் கேமரா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குட்டிங்க" என்றான். "இறக்கை அப்புறமா முளைக்கும்."

அண்ணி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதே பத்திரிகைக்காரி என் பக்கம் திரும்பினாள். "போன வருஷமும் இவங்க இருந்தாங்கல்ல?"

"அது வேலைக்கு இருக்கறது. நீங்க இங்க பாருங்க, வெளிய விடப்போறேன்."

பெட்டியின் கொக்கியில் கை வைத்தான்.

அப்போதுதான் துடைப்பக் கட்டையில் ஏதோ வந்து உட்கார்ந்தது. ஓர் இறக்கை நுனி மடங்கிய பட்டாம்பூச்சி. கூடு கீழே விழுந்து அடிபட்டதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, குச்சி நுனியில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு நான் பிழைக்கவைத்தது. எதிர்ச் செடியின் இலையடியில் அது முட்டை வைத்திருந்தது. முந்தின நாள் பெருக்கும்போது பார்த்தேன். புழு வெளிவரும் நேரம்.

'திறக்காதே' என்று ஒரு வார்த்தை போதும். அது தொண்டைக்கு வந்தது. அங்கே ஏற்கனவே போன வருஷத்து வார்த்தை ஒன்று இருந்தது.

அண்ணி கூட்டத்துக்கு அப்பாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கி பாதி நகர்ந்தது. கண்ணாடியின் உள்பக்கத்தில் எறும்பளவு கும்பிடுபூச்சி ஒன்று ஏறி வந்து, அண்ணனின் முகத்துக்கு நேராக நின்று, தலையைத் திருப்பி அவனைப் பார்த்து, முன்கால்களைக் கூப்பியது. என் கையருகே, மடங்கிய இறக்கை மெதுவாக விரிந்து மூடியது.